பதினோராவது உருண்டை

பெரியவர்கள் போடும் அளவில் என் முதல் ஸ்வெட்டரைப் பின்னி முடித்தபோது இரவு பதினொன்றரை மணி. கடைசி நூல்முனையை உள்பக்கம் செருகி வெட்டிவிட்டு, கண்ணாடி முன்னால் நின்று தலைவழியாக மாட்டினேன். மாட்டினேன் என்பதைவிட, அது என்மேல் வந்து விழுந்தது என்றே சொல்லலாம். அக்குள் விலாவுக்கு இறங்கியிருந்தது. இடுப்பருகே துணியைச் சேர்த்துப் பிடித்தால் ஒரு கைப்பிடி நிறைய வந்தது. இரண்டு மாத வேலை.

மறுநாள் அத்தைக்குப் படம் அனுப்பினேன். எனக்கு ஊசி பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். தொளதொளப்பு தெரியாமல் இருக்க, முதுகுப் பக்கம் துணியைச் சேர்த்து ஒரு கிளிப் போட்டிருந்தேன். அத்தை நன்றாக இருக்கிறது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "நூல் எவ்வளவு மிஞ்சிச்சு?" என்று மட்டும் கேட்டார்.

"மிஞ்சலை அத்தை. பத்து உருண்டை போதாம பதினொண்ணாவது வாங்கினேன்."

"ம்ம்," என்றார்.

அந்த "ம்ம்" எனக்குப் புரிய ஒரு வருடம் ஆயிற்று.

பின்னத் தெரியாமல் நான் இதில் இறங்கவில்லை. அதற்கு முன் மஃப்ளர் நான்கு, கணக்கில்லாத தொப்பிகள், கைக்குழந்தைகளுக்கு மூன்று ஸ்வெட்டர் பின்னியிருந்தேன். நிட், பர்ல் என்ற இரண்டு அடிப்படைப் பின்னலும் பார்க்காமலே கைக்கு வரும். ஊசியில் நிற்கும் நூல் வளையமான கண்ணியைக் கூட்ட, குறைக்க, ஓரத்துக்கு இழுபடும் பட்டையான ரிப் போட எல்லாம் தெரியும். பெரிய ஸ்வெட்டருக்கு இதைத் தாண்டிப் புதிதாக ஒரு பின்னலும் தேவையில்லை. எனவே அதே வேலைதான், நீளம் மட்டும் கொஞ்சம் கூட என்று நினைத்துவிட்டேன்.

சின்ன உருப்படிகள் நம்மை எவ்வளவு தூரம் மன்னிக்கின்றன என்பது அப்போது தெரியவில்லை. மஃப்ளருக்கு அளவே கிடையாது. தொப்பி இழுத்தால் இழுத்த அளவுக்கு வரும். குழந்தை ஸ்வெட்டர் இருக்கிறதே, அதைப் போல் பெருந்தன்மையான உடை உலகத்தில் இல்லை. மார்புச் சுற்றளவு 50 செ.மீ. வேண்டும், 10 செ.மீ.க்கு 22 கண்ணி என்று பின்னல் குறிப்பில் போட்டிருந்தால் ஊசியில் 110 கண்ணி ஏற்றுவோம். என் கை கொஞ்சம் தளர்ந்து 22-க்குப் பதில் 20 கண்ணிதான் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே 110 கண்ணி இப்போது 55 செ.மீ. ஆகிவிடும். 5 செ.மீ. கூடுதல். குழந்தையின் அம்மா மகிழ்ந்து போவாள், இன்னும் ஆறு மாதம் போடலாமே என்று.

அதே கை, அதே தளர்வு, பெரிய ஸ்வெட்டர். என் மார்பு 92 செ.மீ. உடம்போடு ஒட்டாமல் இருக்க 8 செ.மீ. தளர்வு சேர்த்து 100 செ.மீ. அளவைத் தேர்ந்தெடுத்திருந்தேன். குறிப்பு 220 கண்ணி கேட்டது. 10 செ.மீ.க்கு 20 கண்ணி என்றால் 220 கண்ணி 110 செ.மீ. வரும். 8 செ.மீ. தளர்வு 18 ஆகிவிட்டது. நானோ இனி வளரப்போவதில்லை.

அளவு பார்க்க முதலில் பின்னும் மாதிரித் துண்டைப் பின்னாமல் விட்டிருப்பேன் என்று நினைப்பீர்கள். பின்னினேன். அதுதான் இன்னும் வெட்கம்.

பின்னுகிறவர்கள் 'கேஜ்' என்று சொல்வது இதைத்தான்: 10 செ.மீ. அகலத்தில் எத்தனை கண்ணி, 10 செ.மீ. உயரத்தில் எத்தனை வரிசை. நடுத்தரத் தடிமனான டிகே நூலுக்கு 4 மி.மீ. ஊசியில் 22 கண்ணி என்பது வழக்கமான கணக்கு. நான் 20 கண்ணி ஏற்றி உள்ளங்கை அளவுக்கு ஒரு துண்டு பின்னினேன். ஓரமெல்லாம் அப்பளம்போல் சுருண்டது. ஸ்கேலை வைத்து 5 செ.மீ.க்குள் எண்ணினேன். முழுசாகப் பத்து கண்ணி, அப்புறம் பதினோராவதின் ஒரு விளிம்பு. எனக்கு 11 வேண்டும். துணியை இரண்டு விரலால் லேசாகச் சேர்த்தேன். 11 ஆகிவிட்டது. இரட்டித்தால் 22. நோட்டில் டிக் போட்டுவிட்டு அன்றைக்கே 220 கண்ணி ஏற்றினேன்.

வாங்கும்போது கறிவேப்பிலைகூட எடை பார்க்கிற நான், எனக்கு நானே செய்த அளவுமோசடி இது. 5 செ.மீ.யில் ஒரு கண்ணி ஏமாற்றினால் 10-ல் இரண்டு. இரண்டே கண்ணி. 220-க்குப் போய்ச் சேரும்போது அது 10 செ.மீ. துணி.

இன்னொன்றும் உண்டு. மாதிரி பின்னும் கை பரீட்சை எழுதும் கை. நிமிர்ந்து உட்கார்ந்து, ஒவ்வொரு கண்ணியையும் பார்த்துப் பார்த்து இறுக்கமாக எடுக்கும். ஸ்வெட்டர் பின்னுவது வீட்டுக் கை. காலை நீட்டிக்கொண்டு, யாருடனாவது பேசிக்கொண்டு போகும். இரண்டும் ஒரே மாதிரிப் பின்னுவதில்லை. ஆகவே இப்போது நான் 15 செ.மீ. சதுரத்துக்குக் குறையாமல் பின்னுகிறேன். இரண்டு மூன்று நாள், வேறு வேறு மனநிலையில். ஓரங்களை விட்டுவிட்டு நடுவில் முழு 10 செ.மீ. எண்ணுகிறேன், மூன்று இடத்தில். கால் கண்ணி வந்தால் கால் கண்ணி என்றே எழுதுகிறேன். வட்டமாகப் பின்னப்போகிற ஸ்வெட்டர் என்றால் மாதிரியையும் வட்டமாகவே பின்ன வேண்டும். போய்த் திரும்பிப் பின்னும் துணியில் ஒரு வரிசை நிட், அடுத்தது பர்ல். வட்டத்தில் எல்லாமே நிட். பலருக்கும் பர்ல் வரிசை சற்றுத் தளர்ந்துவிடும், எனக்கும் அப்படித்தான். இதற்கு நல்ல வழி ஒரு தொப்பி பின்னிவிடுவது. அளவு தெரிந்த மாதிரியும் ஆயிற்று, தொப்பியும் ஆயிற்று.

அந்த முதல் ஸ்வெட்டருக்குத் திரும்புகிறேன். அது என்னிடம் பலமுறை சொல்லிப் பார்த்தது, நான்தான் கேட்கவில்லை.

ஆரம்பமே சறுக்கல். இரண்டு ஊசிகளை ஒரு கம்பியால் இணைத்த வட்ட ஊசியில் 220 கண்ணியை ஏற்றி இரு முனைகளையும் இணைக்கும்போது எங்கேயோ ஓரிடத்தில் வரிசை ஒரு முறுக்கு முறுக்கிக்கொண்டது. எட்டுச் சுற்று பின்னிய பிறகுதான் கண்ணில் பட்டது. 1858-ல் மோபியஸ் என்ற கணித அறிஞர் கண்டாரே ஒரே பக்கம் மட்டும் உள்ள பட்டை, அதன் முறுக்கிய உறவு ஒன்று என் மடியில் கிடந்தது. கணிதத்துக்கு அது பேரழகு. வயிற்றைச் சுற்றிப் போட உதவாது. திருத்தவும் வழியில்லை, முழுக்கப் பிரிக்க வேண்டியதுதான். எட்டுச் சுற்று, 1,760 கண்ணி. இப்போதெல்லாம் முதல் இரண்டு வரிசையை இணைக்காமல் தட்டையாகப் பின்னிவிட்டு, கீழ் விளிம்பு ஒரே பக்கம் பார்த்து நிற்கிறதா என்று தடவிப் பார்த்த பிறகே இணைக்கிறேன். கீழே விடுகிற சின்ன இடைவெளியை, தொங்குகிற நூல்முனையால் கடைசியில் தைத்துவிடலாம்.

அது போகட்டும். அகலம் அதிகம் என்று நடுவிலேயே தெரிந்திருக்குமே என்று நீங்கள் கேட்கலாம். தெரியாது. வட்ட ஊசியின் கம்பி நீளம் 80 செ.மீ., அதில் 110 செ.மீ. துணி நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பார்க்கச் சரியாகத்தான் இருக்கும். கண்ணிகளை ஒரு நீளமான நூலுக்கு மாற்றி உடம்பில் போட்டுப் பார்த்திருந்தால் பத்து நிமிடத்தில் விஷயம் முடிந்திருக்கும். அந்தப் பத்து நிமிடத்துக்குச் சோம்பல்பட்டு ஐந்து வாரம் தொடர்ந்து பின்னினேன். உண்மையில் சோம்பல் மட்டும் இல்லை, பயமும்தான். போட்டுப் பார்க்காதவரை அது சரியான ஸ்வெட்டர்.

அப்புறம் நூல். என் அளவுக்குப் பத்து உருண்டை போதும் என்று குறிப்பில் இருந்தது. ஒன்று 50 கிராம், சுமார் 120 மீட்டர். இடுப்பிலிருந்து மேலே பின்னிக்கொண்டு போகிற வகை அது. உடம்பு ஒரு குழாய், கைகள் இரண்டு குழாய், மூன்றையும் அக்குளில் இணைத்து, கழுத்துவரை குறைத்துக்கொண்டே போவது. தோள் பகுதியில் பாதிகூட ஏறவில்லை, பத்தாவது உருண்டை தீர்ந்துவிட்டது. குறிப்பு எழுதியவரைத் திட்டிவிட்டுப் பதினோராவதை வாங்கினேன்.

கண்ணி பெரிதாக விழுந்தால் ஒவ்வொரு கண்ணியும் கூடுதல் நூலைத் தின்னும். பத்தில் ஒரு பங்கு பெரிய கண்ணி என்றால் கிட்டத்தட்டப் பத்தில் ஒரு பங்கு கூடுதல் நூல். பத்து உருண்டைக்கு ஓர் உருண்டை. ஸ்கேலை நான் ஏமாற்றலாம், நூலை ஏமாற்ற முடியாது. அத்தை படத்தைக் கண்டுகொள்ளாமல் நூலை விசாரித்தது இதற்காகத்தான். மருத்துவர் முகத்தைப் பார்க்காமல் நாடியைப் பிடிப்பதுபோல.

பதினோராவது உருண்டை இன்னொரு பாடத்தையும் கையோடு கொண்டுவந்தது. லேபிளில் நிறத்தின் எண் ஒன்றாகவே இருந்தது. அதற்குக் கீழே சாயமிட்ட தொகுதியின் எண் ஒன்று இருக்கும், அது வேறு. ஒரே தொட்டியில் ஒரே தடவையில் சாயமேற்றிய நூலுக்குத்தான் ஒரே தொகுதி எண் போடுவார்கள். அடுத்த தடவை அதே செய்முறையில் அதே சாயம் போட்டாலும் துளி வித்தியாசம் வந்துவிடும். இரவு விளக்கில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. காலை வெளிச்சத்தில் பார்த்தால் நெஞ்சுக்கு மேலே, கழுத்தைச் சுற்றி, யாரோ ஈரத்துணி போர்த்திவிட்டதுபோல் ஒரு வளையம். இப்படி மாட்டிக்கொண்டால் பழைய உருண்டையிலிருந்து இரண்டு சுற்று, புதியதிலிருந்து இரண்டு சுற்று என்று மாற்றி மாற்றிப் பின்ன வேண்டும். கோடு கரைந்துவிடும். அல்லது புதிய நூலை ரிப்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். பின்னலே அங்கே மாறுவதால் நிறம் மாறுவதைக் கண் மன்னித்துவிடும். ஆனால் இதற்கு இரண்டு தொகுதியும் கையில் இருக்க வேண்டும். பழையதை ஒரு முழம்கூட மிச்சம் வைக்காமல் தீர்த்துவிட்டுத்தானே நான் புதியதை வாங்கப் போனேன்.

அந்த ஸ்வெட்டரை மடித்து அலமாரியின் மேல் தட்டில் வைத்தேன். அதைப் பார்க்க ஏணி வேண்டும் என்பதால் நிம்மதியாக இருந்தது.

அடுத்து அண்ணனுக்குப் பின்னுவதாகச் சொல்லிவிட்டேன். காதலருக்கு ஸ்வெட்டர் பின்னினால் அது முடிவதற்குள் காதல் முறிந்துவிடும் என்று பின்னுகிறவர்களிடையே ஒரு நம்பிக்கை உண்டு. அண்ணன் விஷயத்தில் அந்தப் பயமில்லை.

அளவு எடுப்பதே ஒரு நாடகம். டேப்பை வயிற்றைச் சுற்றிப் போட்டதும் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு சிலைபோல் நின்றான். "மூச்சை விடு அண்ணா, இது என்ன ராணுவத்துக்கு ஆள் எடுக்கிறதா?" என்றேன். விட்டதும் டேப் 7 செ.மீ. நகர்ந்தது. கையைத் தொங்கப்போட்டு அளந்தால் ஒரு நீளம், மடக்கினால் இன்னொரு நீளம். வலது தோள் இடதைவிடக் கொஞ்சம் தாழ்வு. எல்லோருக்கும் ஏதாவது ஒன்று அப்படி இருக்கும்போல. கடைசியில் கண்டுபிடித்த நல்ல வழி, அவன் விரும்பிப் போடுகிற பழைய ஸ்வெட்டரைத் தரையில் பரப்பி அதை அளந்ததுதான். உடம்பின் அளவு உடம்புக்குத் தெரியும், எவ்வளவு தொளதொளப்பு பிடிக்கும் என்பது பழைய உடைக்குத்தான் தெரியும்.

இந்த முறை மேலிருந்து கீழே பின்னும் ராக்லன். கழுத்தில் ஆரம்பித்து, முன், பின், இரு கை என்று நான்கு பாகத்தையும் பிரிக்கிற நான்கு சாய்கோடுகளின் இரு பக்கமும் ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று கண்ணி கூட்ட வேண்டும், தடவைக்கு எட்டாக. அக்குள் வந்ததும் கைக் கண்ணிகளைத் தனி நூலில் நிறுத்திவிட்டு உடம்பைத் தொடரலாம். எப்போது வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாம் என்பதால் பயந்தவர்களுக்கு ஏற்ற முறை.

ராக்லன் என்ற பெயர் 1815-ல் வாட்டர்லூ போரில் வலது கையை இழந்த ஆங்கிலேயத் தளபதி ராக்லன் பிரபுவினுடையது. 1854-ல் கிரிமியப் போரில் பிரிட்டிஷ் படைக்குத் தலைமை தாங்கியவர் அவர். அதே போரில், பாலக்லாவா என்ற இடத்தில், குதிரைப் படையை நேராகப் பீரங்கிகளின் வாய்க்குள் கொண்டுபோனவர் கார்டிகன் பிரபு. முன்பக்கம் திறந்து பொத்தான் போடுகிற ஸ்வெட்டருக்கு அவர் பெயர். முகத்தை மூடும் கம்பளித் தொப்பிக்கு அந்த ஊரின் பெயர். ஒரு கை போன தளபதியின் பெயர் உலகத்தின் ஸ்வெட்டர் கைகளுக்கெல்லாம் வந்து ஒட்டிக்கொண்டதை, இரண்டாவது கையைப் பின்ன மனமில்லாமல் உட்கார்ந்திருக்கும் நாட்களில் நான் நினைத்துக்கொள்வதுண்டு.

ஆமாம், இரண்டாவது கை. முதல் கை முடியும்போது ஸ்வெட்டரே முடிந்ததுபோல் ஒரு திருப்தி வந்துவிடும். அப்புறம்தான் இன்னொன்று இருப்பது நினைவுக்கு வரும். எத்தனையாவது சுற்றில் குறைத்தோம் என்று எழுதி வைக்காதவர்களுக்கு இரண்டு கைகளும் இரண்டு மனிதர்களுடையவை ஆகிவிடும். எழுதி வையுங்கள். நான் பெரும்பாலும் எழுதுவேன்.

அண்ணன் ஸ்வெட்டருக்கு மாதிரி சரியாகப் பின்னினேன், சரியாக எண்ணினேன், ஊசியைக் கால் மி.மீ. குறைத்து அளவைப் பிடித்தேன். செய்யாத ஒன்று, அந்த மாதிரியைத் தண்ணீரில் போடாதது. அது சூப்பர்வாஷ் நூல், அதாவது இயந்திரத்தில் துவைத்தாலும் கட்டிப் பிடிக்காத கம்பளி. கம்பளி இழையின் மேல் மீன்செதில்போல் நுண்ணிய செதில்கள் உண்டு. சூட்டிலும் அலசலிலும் அவை ஒன்றோடொன்று கோத்துக்கொள்வதால்தான் துணி சுருங்கித் தடித்துப்போகிறது. சூப்பர்வாஷில் அந்தச் செதில்களை ரசாயனத்தால் மழுக்கி, பெரும்பாலும் மேலே மெல்லிய பூச்சும் போட்டுவிடுவார்கள். சுருங்காது. ஆனால் இழைகள் ஒன்றையொன்று பிடித்து நிற்க உதவியதும் அந்தச் செதில்கள்தானே. நனைந்தால் துணி நழுவி நீண்டுவிடும்.

நீண்டது. வெதுவெதுப்பான தண்ணீரில் இருபது நிமிடம் ஊறவைத்து, பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி, தட்டையாகப் பரப்பிக் காயவைத்து, பிளாக்கிங் என்று சொல்கிற எல்லாம் ஒழுங்காகச் செய்து கொடுத்தேன். அண்ணன் போட்டான். கை விரல் நுனிவரை வந்தது. "நல்லதாப் போச்சு, தனியா கையுறை வாங்க வேண்டாம்," என்றான். இரண்டு மடிப்பு மடித்துக்கொண்டு அன்று முழுக்கக் கழற்றவில்லை. நான் பார்க்கும்போதெல்லாம் மடிப்பை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டான், பாவம்.

மேலிருந்து கீழே பின்னியதன் அருமை அப்போதுதான் தெரிந்தது. பின்னல் கடைசியாக முடித்த முனையிலிருந்துதான் சரசரவென்று பிரியும், ஆரம்பித்த முனையிலிருந்து அவ்வளவு எளிதாகப் பிரியாது. இந்த ஸ்வெட்டரில் கடைசி முனை மணிக்கட்டில். ரிப்பைப் பிரித்து, அதற்கு மேலே 6 செ.மீ. பிரித்து, கண்ணிகளை ஊசியில் எடுத்து, மறுபடி ரிப் பின்னி மூடினேன். கைக்கு ஒரு மாலை, இரண்டு மாலையில் முடிந்தது. கீழிருந்து மேலே பின்னியிருந்தால் கத்தரிக்கோல் எடுக்க வேண்டியிருந்திருக்கும்.

சரி, கழுத்து. இதைப் பற்றி யாரும் எனக்கு முன்பே சொல்லவில்லை என்பதில் இன்னும் கொஞ்சம் கோபம் உண்டு. மனிதக் கழுத்து உடம்பின் நட்டநடுவில் நேராக நிற்பதில்லை, முன்னால் சாய்ந்திருக்கிறது. முன்னும் பின்னும் ஒரே உயரத்தில் கழுத்தை வைத்தால் முன்பக்கம் தொண்டையில் ஏறி உட்காரும், பின்பக்கம் முதுகில் இறங்கும். நாள் முழுக்க முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். என் முதல் ஸ்வெட்டரில் அந்தத் தொல்லையும் இருந்தது. அகலத்தின் கொடுமையில் அது தனியாகத் தெரியவில்லை. தீர்வு பெரிய வித்தை ஒன்றுமில்லை. சுற்று முழுவதும் போகாமல், பின்கழுத்துப் பக்கம் மட்டும் பாதியில் திரும்பித் திரும்பிச் சில குட்டை வரிசைகள் பின்னினால் பின்பக்கம் சில செ.மீ. உயர்ந்துவிடும். ஷார்ட் ரோ என்பார்கள். குழந்தைகளுக்குப் பின்னிய நாட்களில் இது எனக்குத் தேவைப்படவே இல்லை. போட்டுக்கொண்டவர்கள் யாரும் புகார் சொல்லும் வயதில் இல்லை.

இப்படி ஒரு வருடம் போன பிறகு, ஒரு விடுமுறை நாளில் ஏணி போட்டு அலமாரியின் மேல் தட்டிலிருந்து அந்த முதல் ஸ்வெட்டரை இறக்கினேன். பின்னலைக் கூர்ந்து பார்த்தேன். கண்ணிகள் ஒழுங்காக இருந்தன. துணி தொட மெத்தென்று இருந்தது. கையின் வேலையில் குறையே இல்லை. அதில் தவறாக இருந்தது ஓர் எண் மட்டும்.

பிரித்தேன். ஆங்கிலத்தில் பின்னுகிறவர்கள் இதற்குத் தவளையின் பெயரை வைத்திருக்கிறார்கள். 'பிரி, பிரி' என்பதற்கு அவர்கள் சொல்லும் 'ரிப் இட், ரிப் இட்' தவளைக் கத்தல்போல் கேட்குமாம். எனக்குத் தவளை கேட்கவில்லை, நூல் கண்ணியிலிருந்து கழலும்போது வரும் அந்த மெல்லிய பட்பட் சத்தம் மட்டும். கழுத்திலிருந்து ஆரம்பித்ததால் முதலில் வந்தது பதினோராவது உருண்டை. அதைத் தனியாகச் சுற்றி வைத்தேன். மற்றதையெல்லாம் நாற்காலியின் முதுகில் சுற்றி, நான்கு இடத்தில் தளர்வாகக் கட்டி, தண்ணீரில் ஊறவைத்துத் தொங்கவிட்டேன். நூடுல்ஸ்போல் சுருண்டிருந்த நூல், காய்ந்தபோது ஏறக்குறைய நேராகிவிட்டிருந்தது. கம்பளியின் பெருந்தன்மை இது. இரண்டு மாதம் ஒரு வடிவத்தில் இருந்ததை ஒரு வாளித் தண்ணீரில் மறந்துவிடும்.

இந்த முறை வேறொருவர் எழுதிய குறிப்பை எடுக்கவில்லை. ஒன்று, ஊசியை மாற்றி 22-க்கு வர வேண்டும். அல்லது என் கைக்கு இயல்பான 20-ஐ ஏற்றுக்கொண்டு கண்ணிக் கணக்கை மாற்ற வேண்டும். அந்தத் துணி எனக்குப் பிடித்திருந்ததால் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன். இதற்கு எலிசபெத் ஸிம்மர்மன் வகுத்த விகிதக் கணக்கு கைகொடுத்தது. இங்கிலாந்தில் 1910-ல் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்தவர், 1999-ல் மறைந்தார். பின்னலில் 'இத்தனையாவது வரிசையில் இத்தனை கண்ணி' என்று சொல்வதைப் பின்பற்றுவதைவிட, நீயே கணக்குப் போடு என்று சொன்னவர். உடம்புச் சுற்றளவின் கண்ணிகளை நூறு என்று வைத்துக்கொண்டால் மணிக்கட்டு அதில் 20 சதவீதம், மேற்கை சுமார் 33, அக்குளில் ஒதுக்குவது 8, கழுத்து 40. உடம்புகள் வேறு வேறாக இருந்தாலும் விகிதம் பெரும்பாலும் பொருந்திவிடுகிறது.

100 செ.மீ.க்கு எனக்கு 200 கண்ணி. மணிக்கட்டு 40, அக்குள் 16, கழுத்து 80. மேற்கைக்கு 66 வந்தது. என் மேற்கை கொஞ்சம் பருமன், டேப் வைத்துப் பார்த்து 70 ஆக்கிக்கொண்டேன். 40-லிருந்து 70-க்கு 30 கண்ணி கூட வேண்டும், தடவைக்கு இரண்டு, ஆகப் பதினைந்து தடவை. ரிப் போக 110 சுற்று இருக்கிறது, எனவே ஏழு சுற்றுக்கு ஒருமுறை. பள்ளியில் கணக்கைக் கண்டு ஓடிய ஆள் நான். அரைப் பக்கத்தில் ஒரு ஸ்வெட்டர் முழுவதும் அடங்கியதைப் பார்த்தபோது, இந்த அரைப் பக்கம் இல்லாமலா இரண்டு மாதம் கையை ஓட்டினோம் என்று இருந்தது.

எல்லாவற்றையும் கூட்டினால் சுமார் 46,000 கண்ணி. நிமிடத்துக்கு 25 கண்ணி என் வேகம். 31 மணி நேரம், பிரித்ததைச் சேர்க்காமல். எண்ணாக எழுதினால் மலைப்பாக இருக்கிறது. பின்னும்போது அப்படித் தெரிவதில்லை. உடம்புப் பகுதியில் வெறும் நிட் சுற்றிச் சுற்றி 40 செ.மீ. போகும், மூளைக்கு வேலையே இல்லை. புதிதாக வருகிறவர்கள் சலிப்பதும் அங்கேதான். எனக்கு அந்தப் பகுதிதான் பிடிக்கும். ஒவ்வொரு 20 சுற்றுக்கும் ஒரு மெல்லிய வேற்று நிற நூலைக் கண்ணிகளின் ஊடே கோத்து விட்டுக்கொள்கிறேன். தப்பு நடந்தால் அதுவரை தைரியமாகப் பிரிக்கலாம், அதற்குக் கீழே ஒரு கண்ணியும் நழுவாது. 15 செ.மீ. ஆனதும் நீளமான நூலுக்கு மாற்றிப் போட்டுப் பார்த்தேன். 30-ல் மறுபடியும். போட்டுப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் பத்து நிமிடம்தான் ஆனது, கடிகாரத்தைப் பார்த்தேன்.

பின்கழுத்தை உயர்த்தினேன். மூடும் வரிசையைத் தளர்வாக மூடினேன், இல்லாவிட்டால் தலை நுழையாது. அக்குளில் நிறுத்தி வைத்திருந்த கண்ணிகளை ஊசிநூலால் எதிரெதிரே கோத்து இணைத்தேன். ஊறவைத்துப் பரப்பினேன். மாதிரியைத் துவைத்திருந்ததால் எவ்வளவு நீளும் என்று முன்பே தெரியும், அதற்குத் தக்க நான்கு சுற்றுக் குறைவாகப் பின்னியிருந்தேன். காய்ந்தபின் டேப் வைத்தேன். சுற்றளவு 101 செ.மீ.

பத்தாவது உருண்டையில் எலுமிச்சை அளவு மிச்சம் இருந்தது. பதினோராவதைத் தொடவே இல்லை.

போட்டுக்கொண்டு அத்தைக்கு வீடியோ கால் போட்டேன். உற்றுப் பார்த்தார்.

"நூல் எவ்வளவு மிஞ்சிச்சு?"

"ஒரு முழு உருண்டை அத்தை. அப்புறம் கொஞ்சம்."

"சரி," என்றார். "இப்ப திரும்பி நின்னு முதுகைக் காட்டு. கிளிப் இருக்கான்னு பார்க்கணும்."